காவல் நிலையத்தில் சமூகப் பணியாளர்: மும்பை சிறப்புப் பிரிவும் அதன் பின்வரலாறும்

முன்னுரை

வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்குக் காவல் நிலையத்தில் இருக்கும் சமூகப் பணியாளர் துணையாகிறாரா, தடையாகிறாரா? மும்பைக் காவல்துறையில் 1984இல் தொடங்கப்பட்ட பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றப் பின்னணி

மகாராட்டிரத்தின் தேசாய்கஞ்சு காவல் நிலையத்தில் 1972இல் பழங்குடிச் சிறுமி ஒருவர் வன்கொடுமைக்கு உள்ளானதாகத் தொடரப்பட்ட வழக்கில், காவலர் இருவரை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்தது. இதனை எதிர்த்துச் சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் எழுதிய திறந்த மடல் பெண்கள் இயக்கத்துக்கு உரமாயிற்று. 1983இல் வன்புணர்ச்சி பற்றிய சட்டம் திருத்தப்பட்டது. கணவனும் அவனுடைய உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498அ பிரிவும் அதே ஆண்டில் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 'குடும்ப விவகாரம்' என ஒதுக்கப்பட்ட முறையீடுகள் இதனால் காவல்துறையின் சட்டக் கடமைக்குள் வந்தன.

இருவேறு அமைப்புகள்

இச்சூழலில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை மும்பைக் காவல்துறைக்குள் பணியமர்த்தியது. முறையீட்டைக் கேட்டல், தங்குமிடத்துக்கும் சட்ட உதவிக்கும் வழிகாட்டல், வழக்குப் பதிவுக்குத் துணைநிற்றல் ஆகியன அவர்களுடைய பணிகள். அவர்கள் காவல்துறையின் இடத்தில் இயங்கினர். ஆனால் காவலர் அல்லர். பின்னர் மகாராட்டிர அரசு இப்பிரிவுகளைப் பிற மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது.

தமிழ்நாடு வேறு வழியைத் தேர்ந்தது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலைய முறையில், புலனாய்வோடு குடும்ப ஆலோசனையும் பெண் காவலரின் பொறுப்பாயிற்று. ஒருவரே சமரசம் பேசுபவராகவும் வழக்குப் பதிபவராகவும் இருக்கும்போது, முன்னது பின்னதைத் தள்ளிப்போட வாய்ப்புண்டு.

துணையும் தடையும்

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு அலுவலர், சேவை வழங்குநர் ஆகியோரின் உதவி பற்றி முறையீட்டாளருக்குத் தெரிவிப்பதைக் காவலரின் கடமையாக்கியது. 498அ பிரிவின்கீழ் முறையிடும் உரிமையையும் உடன் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆலோசனை வழக்குக்கு மாற்றாகாது என்பதே இதன் உட்பொருள்.

இதற்கு மாறாக, 498அ முறையீடுகளைச் சமூகப் பணியாளர் முதலானோர் அடங்கிய குடும்ப நலக் குழுக்கள் முதலில் ஆராய வேண்டும் என்றும், குழுவின் அறிக்கை வரும்வரை பொதுவாகக் கைது கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2017இல் பணித்தது. சட்டத்தில் இடமில்லாத அக்குழுக்களை 2018இல் அந்நீதிமன்றமே நீக்கியது.

முடிவுரை

1984இன் சமூகப் பணியாளர் முறையீட்டாளரின் அருகில் நின்றார். 2017இன் குழு அவருக்கும் சட்டத்துக்கும் இடையில் நின்றது. எனவே கூட்டுப்பணியின் மதிப்பைச் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்பதைக் கொண்டு அளக்க இயலாது. அவர் யாருக்குப் பொறுப்புடையவராக இருக்கிறார் என்பதே அதன் அளவுகோலாகும்.