இரண்டு சும்மா நாட்கள்

மலையேறத் தெரியாதவர்களை உயரமான மலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு தொழிலாக மாறி அறுபது வருஷம்தான் ஆகிறது. 1964-இல் காத்மாண்டுவில் ஜிம்மி ராபர்ட்ஸ் என்கிற முன்னாள் கூர்க்கா படை அதிகாரி ‘மவுண்டன் டிராவல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அதன் முதல் வாடிக்கையாளர்களாக அமெரிக்காவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். சிகரம் தொடும் ஆசையெல்லாம் அவர்களுக்கு இல்லை. எவரெஸ்ட் இருக்கும் பள்ளத்தாக்கை நடந்துபோய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ராபர்ட்ஸ் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெரிய மலையேற்றக் குழுக்களிடம் ஏற்கெனவே இருந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். வழி தெரிந்த ஒரு ஷெர்பா தலைவர், சமையல்காரர், சுமை தூக்க ஆட்கள், முன்னால் போய்க் கூடாரம் அடித்து வைக்க இரண்டு பேர். அந்த ஏற்பாட்டிலிருந்து சிகரத்தை மட்டும் கழித்துவிட்டார். மிச்சம் இருந்ததற்குத்தான் இன்று டிரெக்கிங் என்று பெயர்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு எக்செல் ஷீட். வாணியம்பாடியில் கூடப் படித்தவர்கள், அவர்கள் வீட்டார் என்று எட்டுப் பேர் எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போவதாகப் பேச்சு. பாதிப் பேர் தோல் தொழிலில் இருப்பவர்கள். ஒருவர் கல்லூரி ஆசிரியர். நண்பனின் மாமா ஒருவருக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. இதுவரை நாங்கள் சேர்ந்து ஏறிய ஒரே மலை ஏலகிரி. அதுவும் பாதி நேரம் பைக்கில். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்பதால் ஷீட் என் தலையில் விழுந்தது.

லுக்லாவில் இறங்கி (2,860 மீட்டர்) பாக்டிங், நாம்சே, தெங்போச்சே, டிங்போச்சே, லோபுச்சே, கோரக்‌ஷெப் வழியாக 5,364 மீட்டரில் இருக்கும் முகாமைப் பார்த்துத் திரும்ப 12 நாட்கள். அதில் இரண்டு வரிசைகளில் மட்டும் ஊர் மாறாது. நாம்சேயில் (3,440) இரண்டாவது இரவு, டிங்போச்சேயில் (4,410) இரண்டாவது இரவு. குரூப்பில் ஷீட்டைப் போட்டதும் வந்த முதல் பதில்: “மச்சான், இந்த ரெண்டு நாள் சும்மாதானே இருக்கோம்? அதத் தூக்கிடு.” ஏற்றுமதி ஆர்டர் இருப்பவனுக்கு ஷிப்மென்ட் தேதி, சாஃப்ட்வேர்காரனுக்கு ரிலீஸ் தேதி. யாருக்கும் 12 நாள் கிடையாது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு காலி வரிசைகளின் வரலாறு.

*

உயரம் உடம்பைப் படுத்தும் என்பது பழைய செய்தி. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன ஏடுகளில் மேற்கே போகும் பாதையில் ‘பெரிய தலைவலி மலை’, ‘சின்னத் தலைவலி மலை’ என்றே இரண்டு மலைகள் வருகின்றன. ஸ்பானியப் பாதிரியார் ஹோசே தே அகோஸ்தா, ஆண்டிஸ் மலைகளைக் கடந்தபோது பட்ட வாந்தியையும் வேதனையையும் 1590-இல் வெளியான தன் நூலில் எழுதினார். மனித உடம்புக்கு அங்கே இருக்கும் காற்று மிகவும் மெல்லியது என்று அவர் யூகித்தது பெரும்பாலும் சரி.

காரணத்தைச் சோதித்து நிறுவியவர் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட். அவருடைய ஆலோசனையைப் பெற்ற மூன்று பேர் 1875 ஏப்ரலில் ‘ஜெனித்’ என்ற பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். பலூன் இறங்கியபோது ஒருவர் மட்டுமே உயிரோடு இருந்தார். உயரத்தில் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு குறைவதில்லை, எங்கேயும் கிட்டத்தட்ட 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம் என்பதை பெர்ட் 1878-இல் வெளியிட்ட பெரிய நூல் விளக்கியது. 5,500 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி. அதாவது எங்கள் ஷீட்டின் கடைசிப் புள்ளியில், வாணியம்பாடியில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் ஏறக்குறைய அரை மூச்சு.

உடம்பு இதற்குப் பழகும். ஆனால் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். அதைப் பார்த்து மூளை ‘மெதுவா மெதுவா’ என்று மூச்சுக்குப் பிரேக் போடும். சிறுநீரகங்கள் அந்தக் காரத்தைக் கழித்து வெளியேற்றினால்தான் பிரேக் விலகும். அதற்குச் சில நாட்கள் வேண்டும். சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கு. இதில் ஜிம் உடம்புக்குச் சலுகை எதுவும் இல்லை. சொல்லப்போனால், வேகமாக ஏற முடிகிறவர்தான் சீக்கிரம் மாட்டுகிறார்.

*

1950-இல் நேபாளம் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தது. நியூயார்க் வழக்கறிஞர் ஆஸ்கர் ஹூஸ்டன், அவர் மகனும் மருத்துவருமான சார்லஸ், பெட்ஸி கவல்ஸ், ஆண்டர்சன் பேக்வெல், பிரிட்டிஷ் மலையேறி பில் டில்மன் ஆகிய ஐந்து பேர் கும்பு பகுதிக்கு நடந்து போனார்கள். எவரெஸ்டின் தெற்குப் பக்கத்தை வெளியுலகத்தவர் நெருங்கிப் பார்த்தது அப்போதுதான். ஏறுவது அவர்கள் திட்டத்திலேயே இல்லை. இன்று வருஷத்துக்குப் பல்லாயிரம் பேர் போகும் பாதையின் முதல் டிரெக் அது என்று சொல்லலாம்.

அவர்கள் இந்திய எல்லையில் ஜோக்பானியில் ரயிலை விட்டுவிட்டு, கொஞ்ச தூரம் வண்டியில் போய், மிச்சத்தைக் கால்நடையாகக் கடந்தார்கள். சமவெளியிலிருந்து குன்று, குன்றிலிருந்து ஆறு, மறுபடி குன்று என்று ஏறி இறங்கி நாம்சே போய்ச் சேர்வதற்குள் உடம்பு பாதி வேலையை முடித்திருக்கும். ‘சும்மா நாள்’ என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. பாதையே அதைத் தன்னுள் வைத்திருந்தது.

1964-இல் எட்மண்ட் ஹிலாரி லுக்லாவில் ஒரு விமான ஓடுதளம் அமைத்தார். ஷெர்பா மக்களுக்குப் பள்ளிகளும் ஒரு மருத்துவமனையும் கட்டப் பொருட்கள் வர வேண்டும் என்பது அவர் நோக்கம். குந்தே கிராமத்து மருத்துவமனை 1966-இல் வந்துவிட்டது. ஆனால் ஓடுதளத்துக்குச் சிமென்ட், சுற்றுலாப் பயணி என்ற பேதம் தெரியாது. இரண்டு வார நடை அரை மணி நேரப் பறத்தலாகச் சுருங்கியது. நடையோடு சேர்ந்து, யாரும் கணக்கில் வைக்காத அந்தப் பழகும் நாட்களும் காணாமல் போயின.

மலையேறாதவர்கள் மலையில் சாக ஆரம்பித்தார்கள். 1973-இல் இமாலய மீட்புச் சங்கம் தொடங்கப்பட்டது. பெரிச்சே என்ற ஊரில் அது நடத்திய உதவி நிலையத்தில் பீட்டர் ஹாக்கெட் என்ற இளம் மருத்துவர், வருகிற நடையாளர்களைக் கேட்டும் சோதித்தும் குறித்துக்கொண்டார். 1976-இல் ‘லான்செட்’ இதழில் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், உயரத்துக்குப் பழகாத 278 பேரில் 53 சதவீதத்தினருக்கு மலைநோய் இருந்தது. லுக்லாவுக்குப் பறந்து வந்தவர்களிடம் அது கூடுதலாக இருந்தது.

3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் தங்கு என்கிற இன்றைய விதி இப்படிப் பார்த்துப் பார்த்து உருவானதுதான். அந்த இரண்டு காலி வரிசைகள், லுக்லா விமானம் விழுங்கிய நாட்களிலிருந்து பிடுங்கி மீட்ட மிச்சம்.

1950-இல் நடந்த அந்த சார்லஸ் ஹூஸ்டன்தான் 1960-இல், உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது நிமோனியா அல்ல, தனி நோய் என்று ஆங்கில மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் என்பது வரலாறு செய்யும் ஒரு சின்ன வேலை.

*

நம் நாடு இந்தப் பாடத்தைக் கற்ற இடம் போர்க்களம். 1962-இல் சமவெளியில் இருந்த படைவீரர்கள் அவசர அவசரமாக இமயத்தின் உயரங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பருத்திச் சீருடை, கான்வாஸ் ஷூ. எதிரி சுடுவதற்கு முன்பே உயரம் சுட்டது. இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, 11,000 முதல் 18,000 அடி வரையிலான உயரங்களில் 1,925 வீரர்களுக்கு ஏற்பட்ட மலைநோயைப் பற்றியது. உலகம் முழுக்க இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. படிப்படியாக நிறுத்தி நிறுத்தி ஏற்றுவது ராணுவத்தில் கட்டாய விதியானது.

அந்த விதி பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது ஒரு யாத்திரை வழியாக. 1981-இல் கைலாஷ் மானசரோவர் பாதை மறுபடி திறந்தபோது, மத்திய அரசு மலையேறாதவர்களுக்கான ஒரு டிரெக்கைத் தானே நடத்த வேண்டி வந்தது. சுமார் 5,100 மீட்டருக்கு மேல் லிபுலேக் கணவாய், பரிக்ரமாவில் 5,600 மீட்டரைத் தாண்டும் டோல்மா கணவாய். போகிறவர்களோ ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், பாட்டிமார்கள். டெல்லியில் ஒரு மருத்துவச் சோதனை. பாதி வழியில் குஞ்சி முகாமில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மருத்துவர்கள் மறுபடி ஒரு சோதனை. அதில் தேறாதவர் எத்தனை வருஷம் காத்திருந்து வந்தவரானாலும் அங்கிருந்து திரும்ப வேண்டியதுதான். பக்திக்கு அங்கே ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ கிடையாது. ஆனால் எல்லா ஏற்பாட்டுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1998 ஆகஸ்டில் மால்பாவில் மலை சரிந்து 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 60 பேர் யாத்ரீகர்கள்.

*

டேனரி நடத்தும் நண்பனுக்கு இந்த உடலியலை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவன் தொழிலே கைகொடுத்தது.

எங்கள் பக்கத்துப் பழைய தோல் பதனிடும் முறை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். தோலைக் குழியில் பட்டைத் தண்ணீரில் போட்டு, எடுத்து, மாற்றிப் போட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். சாறு தோலின் நடுவரை தானாக இறங்க வேண்டும். அவசரப்பட்டுக் கெட்டியான சாறில் போட்டால் மேலும் கீழும் இறுகி நடு பச்சையாகவே நின்றுவிடும். வெளியே பார்த்தால் நல்ல தோல், வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் குரோம் வந்தது. டிரம்மில் போட்டுச் சுற்றினால் ஒரு நாள் சமாச்சாரம். அந்த அவசரத்தின் விலையில் ஒரு பங்கைப் பாலாறு கட்டியது. 1996-இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அந்த விலையைப் பற்றியதுதான்.

“மலையில் நம்ம உடம்பு பட்டைத் தோல் மச்சான், அதுக்கு குரோம் கிடையாது” என்றேன். சிரித்தான். “டயமாக்ஸ் மாத்திரை இருக்காமே?” என்று கேட்டான். நல்ல கேள்வி. அசெட்டசோலமைடு என்ற அந்த மருந்து சிறுநீரகம் காரத்தைக் கழிப்பதை வேகப்படுத்துகிறது. உதவும், டாக்டரைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது சாறைக் கொஞ்சம் கலக்கிவிடுகிறது, அவ்வளவே. குழியில் கிடக்க வேண்டிய நாள் அப்படியேதான் இருக்கிறது. ஷூ விஷயத்தில் மட்டும் எங்கள் குழுவுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தே அப்பர் எப்படி என்று சொல்லிவிடும் நாலு பேர் இருக்கிறார்கள்.

*

எங்கள் ஊருக்கும் அந்த உயரங்களுக்கும் இன்னொரு வழியிலும் தொடர்பு உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேணு பாப்பு தொடங்கிய வானாய்வகம், சுமார் 725 மீட்டர் உயரம். 1977 மார்ச்சில் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது இங்கிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

அதே இந்திய வானியற்பியல் நிறுவனம் அடுத்த தொலைநோக்கிக்கு இடம் தேடிப் போனது லடாக்கின் ஹான்லே. 4,500 மீட்டர். 2000-இல் அங்கே சந்திரசேகரின் பெயர் தாங்கிய 2 மீட்டர் தொலைநோக்கி முதல் ஒளியைக் கண்டது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் மலையேறிகள் இல்லை, இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்கள். அதற்கு நிறுவனம் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தொலைநோக்கியை இயக்கலாம். ஒரு மனிதரை எந்த உயரத்துக்கு அனுப்பத் தேவையில்லை என்று முடிவு செய்வதும் திட்டமிடல்தான்.

*

உயரம் மட்டுமே ஆபத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கிய நடையாளர்களில் 23 பேர் இறந்தார்கள். ஐ.டி. வேலையில் இருந்தவர்களும் அதில் உண்டு. என்னைப் போலவே வார இறுதிக்கு ஷீட் போட்டவர்கள். அங்கே பிரச்சினை பருவம்: காய்ந்த புல், வெயில், காற்று. அதன்பின் தமிழ்நாட்டில் டிரெக்கிங்குக்கு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை வழிகாட்டிகளோடு 40 பாதைகளை அறிவித்தது. ஏலகிரி சுவாமிமலையும் அதில் ஒன்று. மலையேறாத ஒருவர் முதல்முறை வழிகாட்டியோடு நடந்து பழக அது போதும்.

இன்னொரு வரலாறு ஷீட்டில் வரிசையாகக்கூட வருவதில்லை: சுமை தூக்குகிறவர்கள். எவரெஸ்ட் பாதையில் மூட்டை சுமப்பவர்களில் பலர் ஷெர்பாக்கள் இல்லை, தாழ்ந்த பகுதிகளிலிருந்து வரும் கூலிக்காரர்கள். உயரம் எங்களுக்கு எவ்வளவு புதிதோ அவர்களில் பலருக்கும் அவ்வளவு புதிது. தலைவலி என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று வாயைத் திறக்காமல் நடப்பார்கள். எட்டு நாளாகச் சுருக்கினால் அவர்களுக்கும் அதே எட்டு நாள்தான், முதுகில் எங்கள் பையோடு.

கடைசியில் ஷீட்டில் 12 நாள் நின்றது. லுக்லாவில் மேகம் விலகக் காத்திருக்க மேலும் இரண்டு நாள் சேர்த்தேன். முகவரிடம் கேட்க வேண்டியவை தனிப் பக்கம்: சுமை எத்தனை கிலோ, அவர்களுக்குக் காப்பீடு உண்டா, ஒருவர் கீழே இறங்க வேண்டி வந்தால் கூட இறங்க ஆள் யார். தலைவலியோடு குமட்டல் இருந்தால் அன்று மேலே போவதில்லை. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் தொட நடக்க முடியாமல் தள்ளாடினால் நடுராத்திரி என்றாலும் கீழே இறங்குவது. இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் வழிகாட்டிக்கு, குரூப் வோட்டுக்கு அல்ல.

மாமாவுக்கு டாக்டர் நாம்சே வரைக்கும் சரி என்று சொல்லியிருக்கிறார். அங்கேயே இருந்து காலையில் மலையைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பதாக அவர் திட்டம். எட்டு நாள் கேட்ட இரண்டு பேர், லீவு கிடைக்கவில்லை என்று விலகிவிட்டார்கள். மிச்சம் ஆறு பேர். காலி வரிசைகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. நண்பன் அவற்றுக்கு எதிரே ஒரு வார்த்தை டைப் செய்து வைத்திருக்கிறான்: ‘குழி.’