சொல்தா வீட்டுப் பென்சன்

பிரெஞ்சுப் பென்சன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்போம். ஆனால் எல்லோரும் பட்டாளத்துக்காரர்கள் அல்ல, போலீஸ்காரர்களும் உண்டு.

1881 செப்டம்பர் 21 ஆணை, சாதி வழக்கைக் காத்த தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. அப்படித் துறந்த ரெனோன்சான்களில் நம் மக்கள் ஏராளம். சைகோனில் போலீஸ்காரர்களாக, சிறைக் காவலர்களாகப் பணியாற்றினார்கள். ஐரோப்பியருக்கு உள்ள சம்பளமும் விடுப்பும் தங்களுக்கும் வேண்டும் என்று வாதாடினார்கள். (வியட்நாமியரை அடக்கி வைத்த அரசுக்குச் செய்த வேலைதான் அது. அதையும் மறைக்க வேண்டாம்.)

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. பென்சன்? 1956 மே 28 ஒப்பந்தம் பதில் சொன்னது: பிரான்ஸ் பட்ஜெட்டில் வரும் பென்சனை, வாங்குபவர் இந்தியக் குடிமகன் ஆனாலும், பிரான்ஸே தரும், உள்ளூர் பட்ஜெட்டில் வந்ததை இந்தியா ஏற்கும். கொடி இறங்கியது, உழைத்த ஆண்டுகளின் கணக்கு அழியவில்லை.

அந்தக் கணக்கை மாற்ற அந்நிய ஆட்சி தேவைப்படவில்லை. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு உறுதியான பென்சன் போய், சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்துச் சந்தையில் போடும் திட்டம் வந்தது. முப்படைகளுக்கு மட்டும் விலக்கு. இடஒதுக்கீட்டில் முதல் தலைமுறையாகக் காக்கி போட்ட நம் வீட்டுக் கான்ஸ்டபிளுக்கு அது இல்லை.