மேடையேறிய மௌனம்

வெற்றி விழாக்களின் வரலாற்றை உற்று நோக்கினால், அணிவகுத்து நடந்தவர்களைவிட, நடக்க அனுமதிக்கப்படாதவர்களே நம் சிந்தனையை அதிகம் தூண்டுகின்றனர். 1945 ஏப்ரல் 25 அன்று வட இத்தாலி நாசிப் படைகளுக்கும் பாசிச ஆட்சிக்கும் எதிராக எழுச்சி கொண்டது. மே மாதத் தொடக்கத்தில் தூரின் நகர வீதிகளில் விடுதலைப் போராளிகள் வெற்றி நடை போட்டனர். அப்போது சில படைப்பிரிவுகளின் தலைவர்கள், தம்மோடு போராடிய பெண்களை அணிவகுப்பில் கலந்துகொள்ள வேண்டாம் என்று தடுத்துவிட்டனர். மலைகளில் ஆடவரோடு தங்கியிருந்த பெண்களை ஊரார் இழிவாகப் பேசுவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். உயிரைப் பணயம் வைத்தபோது எழாத ஐயம், மாலை சூடும் வேளையில் எழுந்தது!

இந்தப் பெண்கள் செய்தது என்ன? 1943 செப்டம்பர் 8 அன்று, இத்தாலி நேச நாடுகளிடம் பணிந்த செய்தி வெளியாயிற்று. உடனே ஜெர்மானியப் படைகள் வட இத்தாலியையும் நடு இத்தாலியையும் கைப்பற்றின. காவலில் இருந்த முசோலினியை விடுவித்து, கார்தா ஏரிக்கரையிலுள்ள சலோவில் ஒரு பொம்மைக் குடியரசின் தலைவராக்கின. அதை எதிர்த்து இருபது மாதங்கள் நீடித்த போரில், பொதுவுடைமையாளரும் சோசலிஸ்டுகளும் கத்தோலிக்கரும் தாராளவாதிகளும் ஓரணியில் நின்றனர். போராளிகளாகப் பின்னாளில் கணக்கிடப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 35,000 பேர். 1943 நவம்பரில் மிலானில் தொடங்கப்பட்ட பெண்கள் பாதுகாப்புக் குழுக்களில் சுமார் 70,000 பேர் பணியாற்றினர்.

பெண்களுள் துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்டு. ஆயினும் பெரும்பாலோரின் போர்க்கருவி மிதிவண்டியே. 'ஸ்தாஃபெத்தா' என்று அழைக்கப்பட்ட தூதுப் பெண்கள், காய்கறிக் கூடையின் அடியில் கடிதங்களையும் மருந்தையும் வெடிமருந்தையும் மறைத்துக்கொண்டு, காவல் சாவடிகளைக் கடந்து சென்றனர். பிடிபட்டால் சித்திரவதையும் மரணமும் காத்திருந்தன. பொலோஞா நகரின் இர்மா பந்தியேரா, வதைக்கப்பட்டபோதும் தோழர்களின் பெயர்களை வெளியிடாமல், 1944 ஆகஸ்டில் உயிர் துறந்தார்.

கத்தோலிக்க வாசகர்கள் மறக்கலாகாத பெயர் ஒன்று உண்டு. 1944 செப்டம்பர் 26 அன்று, பஸ்ஸானோ தெல் கிராப்பா நகரில் பிடிபட்ட 31 பேரைச் சாலையோர மரங்களில் தூக்கிலிட்டனர். அதைக் காணுமாறு பள்ளி மாணவியரும் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் 17 வயது தீனா அன்செல்மி. அஞ்சி ஒடுங்கிவிடவே அக்காட்சி காட்டப்பட்டது. அவரோ 'கபிரியேல்லா' என்ற மறைபெயருடன் தூதுப் பெண்ணானார். போருக்குப் பின் ஆசிரியராகவும் தொழிற்சங்கத் தொண்டராகவும் உழைத்தார். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் சார்பில், 1976இல் இத்தாலியின் முதல் பெண் அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

அன்செல்மி போன்ற ஒருசிலரை நாடு அறிந்துகொண்டது. மற்றவர்களை ஏன் மறந்தது? 1945 ஆகஸ்டில் வெளியான அரசாணை, போராளி எனும் தகுதிக்கு அளவுகோல் ஒன்றை வகுத்தது. ஆயுதப் பிரிவொன்றில் குறைந்தது மூன்று மாதப் பணி; மூன்று போர் நடவடிக்கைகளிலேனும் பங்கேற்பு. அடைக்கலம் தந்தவளும் காயத்துக்குக் கட்டுப் போட்டவளும் இந்த அளவுகோலுக்குள் எளிதில் அடங்கவில்லை. செய்ய வேண்டியதைத்தானே செய்தோம் என்று எண்ணி, விண்ணப்பிக்காமலே வீடு திரும்பியவர்களும் பலர். பகைமையினால் அன்று, அளவுகோலின் குறையினாலேயே அவர்கள் மறைந்துபோயினர்.

மேடை தந்த குரல்

இந்த மௌனத்தைக் கலைத்தவற்றுள் அரசியல் நாடகமும் ஒன்று. ஊர் ஊராகச் சென்று நடித்த நாடகக் குடும்பமொன்றில் 1929இல் பிறந்தவர் பிராங்கா ராமே. கணவர் தாரியோ ஃபோவுடன் சேர்ந்து, 1968இல் வணிக நாடக அரங்கைத் துறந்தார். தொழிலாளர் மன்றங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருவரும் நடித்தனர். காலமும் அதற்கேற்பக் கொந்தளித்தது. 1969 டிசம்பர் 12 அன்று மிலானில் வங்கி ஒன்றில் வெடித்த குண்டு 17 உயிர்களைக் குடித்தது. பாசிசம் மீண்டும் தலைதூக்குகிறதோ என்று பலரும் கலங்கினர்.

அந்நாள்களில் ராமே நடித்த ஓராள் நாடகம் 'மாம்மா தோஞி'. பாவியா பகுதியில் வாழ்ந்த ஒரு தாயின் கதையைத் தழுவியது அது. மகனைப் போருக்குப் பறிகொடுத்தவள், அவனுடைய தோழர்களுக்கெல்லாம் தாயாகிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின் பாசிசத்தின் வாரிசுகள் தன் ஊரில் கூட்டம் போட வரும்போது, தள்ளாத வயதிலும் எதிர்த்து நிற்கிறாள். இதற்குப் படைகளும் வேண்டாம், பீரங்கி முழக்கமும் வேண்டாம். அண்டை வீட்டாரிடம் பேசுவதுபோல் ஒரு முதியவள் பேசினால் போதும். அரசாணையின் அளவுகோலுக்கு அகப்படாத வாழ்வு, அந்தப் பேச்சுக்குள் முழுமையாக அடங்கியது. ஃபோவும் ராமேயும் நாடகம் முடிந்தபின் அவையோருடன் கலந்துரையாடுவது வழக்கம். அதை 'மூன்றாம் அங்கம்' என்றே அழைத்தனர். கேட்க வந்தவரும் அங்கே சாட்சியாகலாம்.

இக்கலைக்கு ராமே கொடுத்த விலை பெரிது. 1973 மார்ச் 9 அன்று மிலானில் புதிய பாசிசக் குழுவினர் அவரைக் கடத்திச் சென்று பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினர். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவர் மீண்டும் மேடையேறினார். அக்கொடுமையையே பின்னர் ஓர் ஓராள் நாடகமாக்கி நடித்தார். காலவரம்பு கடந்துவிட்டதெனக் கூறி 1998இல் வழக்கு முடிக்கப்பட்டது, எவரும் தண்டிக்கப்படவில்லை. மறக்கப்பட்ட பெண்களுக்காகப் பேசியவருக்கும் நீதி எட்டவில்லை.

இந்நாடகக் கலைஞர்கள் குறையற்றவர்கள் அல்லர். ஃபோவின் 'மிஸ்தேரோ புஃபோ' 1977இல் தொலைக்காட்சியில் வந்தபோது, இறைநிந்தனை என்று வத்திக்கான் வன்மையாகக் கண்டித்தது. நம்பிக்கையாளர் பலர் மனம் புண்பட்டனர். மேலும், இளமையில் ஃபோ சலோ குடியரசின் படையில் சேர்ந்திருந்தார் என்ற செய்தி பின்னாளில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. போராளிகளுக்கு உதவிய தம் தந்தைமீது ஐயம் எழாதிருக்கவே சேர்ந்ததாக அவர் விளக்கினார். இவற்றை மூடி மறைக்கத் தேவையில்லை. மாம்மா தோஞியின் வழியாக வெளிப்பட்ட பெண்களின் உண்மை, அதை எடுத்துரைத்தவரின் குறைகளால் பொய்யாகிவிடாது. கத்தோலிக்க அன்செல்மியும் இடதுசாரித் தோழியரும் ஒரே பகைவனுக்கு எதிராக ஒரே சாலைகளில் மிதிவண்டி ஓட்டியவர்கள் அல்லவா?

நாடகத்தோடு நூல்களும் கைகோத்தன. 1976இல் வெளிவந்த, 'பேசப்படாத எதிர்ப்புப் போர்' என்று பொருள்படும் தலைப்புடைய நூலொன்று, பியேமோந்தே பகுதிப் பெண்கள் பன்னிருவரின் வாழ்வை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்தான் அவர்களிடம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கப்பட்டது.

ராமே 2013இல் மறைந்தார். 2016 அக்டோபரில் ஃபோவும், அடுத்த மாத முதல் நாளில் அன்செல்மியும் மறைந்தனர். நேரில் கண்டவர்களின் தலைமுறை விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பதக்கம் பெற்றவர்களை ஆவணக் காப்பகம் காத்துக்கொள்ளும். ரொட்டி சுட்டவளையும் கதவு திறந்தவளையும் மிதிவண்டி மிதித்தவளையும், அவர்கள் கதையை இன்னொரு முறை சொல்ல முன்வரும் மனிதக் குரல்தான் காக்க வேண்டும். நம் குடும்பங்களிலும் கேட்கப்படாமலே முதுமையடைந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் இருக்கும்போதே அருகில் அமர்ந்து கேட்போமா?