கொங்கு நாட்டில் திருமறையைக் கேட்டோர்

இலண்டன் மறைபரப்புச் சங்கத்தின் அடிஸ் ஐயர் 1830இல் கோயம்புத்தூருக்கு வந்தபோது, கொங்கு மக்களுள் மிகப் பலர் எழுத்தறியாதவர். திருமறை இங்கே வாசிக்கப்படுமுன் கேட்கப்பட்டது. ஈரோட்டில் பணியாற்றிய ஹெர்பர்ட் பாப்லி இதனை நன்குணர்ந்தவர். நம் இசையைப் பயின்று, பாட்டும் கதையுமாக நற்செய்தியை வழங்கினார், 1914இல் எல். ஐ. ஸ்டீபனுடன் இணைந்து இசைவழி நற்செய்திப் பணிக்கு ஒரு கையேடும் வெளியிட்டார்.

கேட்டவர்களோ தனித்தனியே முடிவு செய்யவில்லை. ஈரோட்டைச் சுற்றிய ஊர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடும்பம் குடும்பமாகத் திருச்சபையில் சேர்ந்தனர். இத்தகைய இயக்கங்களை விசுவாசமன்று, சமூக ஆதாயமே என்று ஒதுக்கியோர் திருச்சபைக்கு உள்ளேயும் இருந்தனர்.

1950இல் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, சுருதி, யுக்தி, அனுபவம் என்னும் பிரமாணங்களோடு சபையையும் நான்காவதாக ஏற்றார். (சுருதி என்பதற்கே கேட்கப்பட்டது என்பதுதான் பொருள்.) அவர் பக்தி மார்க்கத்தை வலியுறுத்தியதால், தனி அடியாரின் அனுபவத்தையே அவரிடம் நாம் தேடுகிறோம், சபை என்னும் பிரமாணம் வகுப்பறையில் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. கொங்கு நாட்டு வரலாற்றிலோ அதுவே முன்னிற்கிறது. கூடிக் கேட்டு, கூடிப் பேசி, கூடித் திருமுழுக்குப் பெற்றோரின் மறுமொழியைக் குறைவானதென்று கருதுவோர் அந்தப் பிரமாணத்தையே தள்ளுகின்றனர். ஆயினும் சாதியால் பிரிந்த ஊரில் சபை எனப்படுவது எந்தத் தெருவினர் என்ற வினாவை அப்பாசாமியின் இறையியல் போதிய அளவு எழுப்பவில்லை. சேரியிலிருந்து வந்தவர்கள் அதனை எழுப்பினர்.