இலங்கை உள்ளூராட்சித் தேர்தல்களில் இளைஞர் ஒதுக்கீடு

இலங்கையின் மாநகர சபைகள், நகர சபைகள், பிரதேச சபைகள் ஆகியவற்றுக்கான தேர்தல்களில் ஒவ்வொரு கட்சியும் சுயேச்சைக் குழுவும் தமது வேட்புமனுவில் குறிப்பிட்ட விகிதத்தினரை இளைஞர்களாக நிறுத்த வேண்டும் என விதிக்கும் சட்ட ஏற்பாடு இளைஞர் ஒதுக்கீடு எனப்படும். இது 1990 ஆம் ஆண்டில் 40 சதவீதமாக அறிமுகப்படுத்தப்பட்டது. 2012 இல் கட்டாயத்தன்மையை இழந்தது. 2023 இல் 25 சதவீதமாக மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. 18 வயதுக்குக் குறையாதவரும் 35 வயதுக்கு மேற்படாதவருமே 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இளைஞர் எனக் கொள்ளப்பட்டனர்.

பின்னணி

இலங்கையில் வாக்களிக்கும் வயது 1959 ஆம் ஆண்டிலேயே 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் இதே மாற்றம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே ஏற்பட்டது. எனினும் வாக்குரிமை இளைஞர்களை அரசியல் அமைப்புக்குள் ஈர்க்கப் போதுமானதாக இருக்கவில்லை. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய ஆயுதக் கிளர்ச்சியில் பங்குகொண்டோர் பெரும்பாலும் கல்வி கற்ற, வேலையற்ற, கிராமப்புறச் சிங்கள இளைஞர்கள் ஆவர். அதே பத்தாண்டில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் முறை வடக்கின் தமிழ் மாணவர்களிடையே கடும் மனக்கசப்பை உண்டாக்கியது. அங்கும் இளைஞர்கள் ஆயுத இயக்கங்களை நோக்கித் திரும்பினர். 1987 முதல் 1989 வரை தெற்கில் நிகழ்ந்த இரண்டாவது கிளர்ச்சியிலும் அதை அடக்கிய நடவடிக்கைகளிலும் பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர்.

இளைஞர்களுக்கான அரச நிறுவனங்கள் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் நாடெங்கும் இளைஞர் கழகங்களை நடத்தியது. ஆயினும் விளையாட்டு, கலை, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் ஈடுபடுவதும் முடிவெடுக்கும் இடத்தில் அமர்வதும் ஒன்றல்ல.

இளைஞர் ஆணைக்குழு

இரண்டாவது கிளர்ச்சி முடிவுறும் தறுவாயில், 1989 அக்டோபரில், சனாதிபதி ரணசிங்க பிரேமதாச இளைஞர் அமைதியின்மைக்கான காரணங்களை ஆராய ஆணைக்குழு ஒன்றை நியமித்தார்.  அறிக்கை 1990 இல் வெளியானது.

வறுமையையும் வேலையின்மையையும் மட்டும் காரணமாகக் காட்டிவிட்டு இவ்வறிக்கை நின்றுவிடவில்லை. நியமனங்களிலும் அரச உதவிகளிலும் அரசியல் செல்வாக்கு புகுந்தமையே இளைஞரின் வெறுப்புக்கு முதன்மையான காரணம் என்பது அதன் முடிபு. பரிந்துரைக் கடிதம் இன்றி வேலை கிடைக்காது என்ற நிலை, தகுதி பெற்றவனை அவமதிப்பதாக உணரப்பட்டது. மொழிப் பிரிவினையும் இதனோடு சேர்ந்தது. கிராமப்புற மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ' என்று பெயர். சிங்களத்தில் அதன் பொருள் வாள். அரசியலில் இளைஞருக்கு இடம் ஒதுக்கும் கருத்து இந்தப் பின்னணியிலேயே சட்டமாயிற்று. 1990 ஆம் ஆண்டின் உள்ளூராட்சி மன்றத் தேர்தல்கள் திருத்தச் சட்டம் வேட்புமனுவில் 40 சதவீதத்தினர் இளைஞராக இருக்க வேண்டும் என விதித்தது. 1991 மே மாதத் தேர்தலில் இது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது.

செயற்பட்ட விதம்

விதியை மீறும் கட்சிக்குத் தண்டம் விதிக்கப்படுவதில்லை. அதன் வேட்புமனு முழுவதுமே நிராகரிக்கப்படும். ஒருவருடைய வயதில் உள்ள குறை ஏனைய அனைவரையும் போட்டியிலிருந்து நீக்கிவிடக் கூடும் என்பதால், பிறப்புச் சான்றிதழ் இலங்கைத் தேர்தல்களில் பெறுமதி மிக்க ஆவணம் ஆயிற்று. 2006 இல் கொழும்பு மாநகர சபைக்கான ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியல் வேட்பாளர் வயது தொடர்பான குறைபாட்டினால் நிராகரிக்கப்பட்டமை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மாநகரில் பலம் வாய்ந்த அக்கட்சி, மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் போட்டியிட்ட சுயேச்சைக் குழு ஒன்றை ஆதரித்தது. அக்குழு வெற்றி பெறவே, முச்சக்கர வண்டி ஓட்டுநரான உவைஸ் முகம்மது இம்தியாஸ் கொழும்பின் மேயரானார்.

ஒதுக்கீட்டின் அடிப்படைக் குறை வேறிடத்தில் இருந்தது. சட்டம் பட்டியலில் இடம் தந்ததே தவிர, சபையில் ஆசனம் தரவில்லை. அன்றைய விகிதாசார முறையில் கட்சி பெற்ற ஆசனங்கள் விருப்பு வாக்குகளின் வரிசைப்படி பகிரப்பட்டன. வாக்காளர் மூன்று விருப்பு வாக்குகளை அளிக்கலாம். ஒரே கட்சியின் வேட்பாளர்கள் தமக்குள் மோதிக்கொள்ளும் இம்முறையில் பணமும் ஏற்கனவே அறியப்பட்ட பெயரும் உடையவரே முந்தினர். கணக்கை நிரப்புவதற்காக மட்டும் சேர்க்கப்பட்ட இளைஞர் தேர்தலுக்குப் பின்னர் மறக்கப்பட்டார். மறுபுறத்தில், இளம் உறுப்பினர்களைப் பெருமளவில் கொண்டிருந்த மக்கள் விடுதலை முன்னணி 2002 இல் திஸ்ஸமகாராமை பிரதேச சபையைக் கைப்பற்றியது. முன்னர் ஆயுதம் ஏந்திய இயக்கம் உள்ளூராட்சிப் பொறுப்பை ஏற்றமை குறிப்பிடத்தக்கது.

வடக்கில் நிலைமை வேறு. போர் காரணமாக அங்கு 1991 தேர்தல் நடைபெறவில்லை. யாழ்ப்பாண மாநகர சபைக்கு 1998 சனவரியில் தேர்தல் நடந்தது. அதில் மேயரான சரோஜினி யோகேஸ்வரனும் அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர். இத்தகைய சூழலில் இளைஞர்கள் வேட்பாளராக முன்வருவதைச் சட்டம் மட்டும் உறுதிசெய்திருக்க இயலாது.

2012க்குப் பின்

2012 ஆம் ஆண்டுத் திருத்தம் வட்டார முறையையும் விகிதாசார முறையையும் இணைத்தது. அதே திருத்தத்தில் இளைஞர் விகிதம் 25 ஆகக் குறைக்கப்பட்டதுடன், கட்சிகள் விரும்பினால் நிறுத்தலாம் என்ற அளவுக்குத் தளர்த்தப்பட்டது. இதனை 2016 இல் பெண்களுக்கு வழங்கப்பட்ட 25 சதவீத ஒதுக்கீட்டுடன் ஒப்பிடலாம். பெண்களுக்கான ஒதுக்கீடு சபையின் ஆசனங்களைச் சார்ந்தது. அதனால் 2018 பெப்ரவரித் தேர்தலின் பின்னர் முன்பு 2 சதவீதத்தையும் எட்டாதிருந்த பெண் உறுப்பினர் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டியது. இளைஞர் ஒதுக்கீடு எக்காலத்திலும் அவ்வாறு வடிவமைக்கப்படவில்லை.

அரசாங்கம் இடைப்பட்ட காலத்தில் வேறு வழிகளையும் கையாண்டது. 2010 இல் இளைஞர் சேவைகள் மன்றத்தின் வழியாக இளைஞர் பாராளுமன்றம் தொடங்கப்பட்டது. 2014 மே மாதத்தில் உலக இளைஞர் மாநாடு கொழும்பில் கூடியது. தேசிய இளைஞர் கொள்கையும் அவ்வாண்டிலேயே உருவானது. இளைஞர் பாராளுமன்றத்துக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. அது பயிற்சிக்களமே ஆகும்.

2022 இல் பொருளாதார நெருக்கடியை எதிர்த்துக் காலிமுகத்திடலில் திரண்டோரில் பெரும்பாலானோர் இளைஞர்கள். சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சூலையில் பதவி விலகினார். அதற்கு முன்பே, மே மாத இறுதியில், பாராளுமன்ற மேற்பார்வைக் குழுக்களில் இளைஞர் பிரதிநிதிகளைச் சேர்க்கும் யோசனையை அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க முன்வைத்திருந்தார். 2023 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 25 சதவீத இளைஞர் ஒதுக்கீட்டை மீண்டும் கட்டாயமாக்கியது. ஆனால் அவ்வாண்டு மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. இது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறியது என 2024 ஆகத்தில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2023 இல் பெறப்பட்ட வேட்புமனுக்கள் 2025 இல் சிறப்புச் சட்டம் ஒன்றினால் நீக்கப்பட்டு, புதியன கோரப்பட்டன. தெரிவத்தாட்சி அலுவலர்கள் நூற்றுக்கணக்கான வேட்புமனுக்களை நிராகரித்தனர். பிறப்புச் சான்றிதழின் பிரதி உரிய முறையில் உறுதிப்படுத்தப்படாமை அதற்கான காரணங்களுள் ஒன்றாகும். நீதிமன்றங்கள் இவ்வாறு நிராகரிக்கப்பட்டவற்றுள் சிலவற்றை ஏற்குமாறு பணித்தன. 339 மன்றங்களுக்கான வாக்களிப்பு 2025 மே 6 அன்று நடைபெற்றது.