ஐஸ் ஹவுஸில் கூடிய இளங்கைம்பெண்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துப் பிராமணக் குடும்பங்களில் வாழ்ந்த கைம்பெண், ஆளில்லாத வீட்டில் தனித்திருந்தவள் அல்லள். பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவர்தம் பிள்ளைகளும் நிறைந்த கூட்டுக் குடும்பத்தின் நடுவில்தான் அவள் இருந்தாள். பருவமெய்தியபின் தலையை மழித்து, நார்மடி எனப்படும் ஆசாரப் புடவையையோ வெள்ளைப் புடவையையோ உடுத்து, ஒருவேளை உணவோடு காலங்கழித்த அவளுடைய உழைப்பு அடுக்களைக்கு இன்றியமையாததாக இருந்தது. ஆனால் சுமங்கலிகள், அதாவது கணவன் உயிரோடிருக்கும் பெண்கள், கூடுகின்ற எந்தச் சடங்கிலும் அவளுக்கு இடமில்லை. வெளியே கிளம்புவோர்க்கு அவள் எதிரே வருவதே தீய சகுனமாகக் கருதப்பட்டது. அவளுடைய தனிமை மனிதர் இல்லாமையால் வந்ததன்று, தன் நிலையில் உள்ள இன்னொருத்தியோடு மனம்விட்டுப் பேச வாய்ப்பில்லாமையால் வந்தது. 1856ஆம் ஆண்டின் மறுமணச் சட்டம் கைம்பெண்ணின் மறுமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய போதிலும், மறுமணம் செய்துகொள்பவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றும் விதித்தது. வீட்டுக்குள் இருந்த நிலையை அது பெரிதாக மாற்றிவிடவில்லை.

1886இல் பிறந்த ஆர். எஸ். சுப்புலட்சுமி சிறுமியாகவே மணமாகிச் சிறுமியாகவே கணவனை இழந்தவர். மகளின் தலையை மழிக்க இசையாமல் அவரைப் படிக்க வைத்த தந்தை சுப்பிரமணிய ஐயரின் துணிவால், 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவரே. மறு ஆண்டில், பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்சின் ஊக்கத்தோடு, நான்கு இளங்கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு எழும்பூரில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். இல்லத்தின் அன்றாடத்தைத் தாங்கியவர் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் ஒரு கைம்பெண். வந்து சேர்ந்த சிறுமிகளுக்குத் தாயாகவும், ஐயத்தோடு மகளை அனுப்பிய பெற்றோருக்கு ஆசாரத்தின் உத்தரவாதமாகவும் அந்தச் சித்தி விளங்கினார் என்பதை, சுப்புலட்சுமியின் புகழுக்கிடையே வரலாறு போதிய அளவு நினைவுகூரவில்லை.

எண்ணிக்கை பெருகவே, இல்லம் மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸுக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டப்பட்டதும், 1897இல் விவேகானந்தர் தங்கியதுமான கட்டடம் அது. அங்கு கூடிய பெண்களுக்கு முதன்முறையாகத் தம்மையொத்த தோழியர் கிடைத்தனர். தன் வீட்டில் ஒரே அபசகுனமாக ஒதுக்கப்பட்டிருந்தவள், அங்கே பலருள் ஒருத்தியாக, பாடத்தையும் வருங்காலத்தையும் பற்றிப் பேசக்கூடியவளாக ஆனாள். இந்தக் கூட்டுறவுக்குப் பொருளாதார அடித்தளமும் இருந்தது: பெண்பள்ளிகள் பெருகிய அக்காலத்தில் ஆசிரியைகளின் தேவை மிகுதியாக இருந்ததால், படித்து முடித்த கைம்பெண் உறவினர் கையை எதிர்பார்த்த சுமையாக இராமல், ஊதியம் பெறுபவளாக மாற முடிந்தது. 1922இல் தொடங்கப்பட்ட லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்குச் சுப்புலட்சுமியே முதல்வரானார்.

ஆயினும் இந்த ஆதரவுக்குச் சாதியின் வேலி இருந்தது. இல்லம் பிராமணக் கைம்பெண்களுக்கே உரியதாக இருந்தது. ஆசாரக் குடும்பங்களின் நம்பிக்கையை இழக்காதிருக்கக் கொடுக்கப்பட்ட விலை அது என்று கருதினாலும், அவ்விலையைச் செலுத்தியவர்கள் வெளியே நின்ற பிற சாதிப் பெண்களே. மறுமணத்தையும் இல்லம் தன் நோக்கமாக முன்வைக்கவில்லை. 1909இலேயே, கணவனை இழந்த தம் தங்கை மகளுக்கு உறவினரின் எதிர்ப்பை மீறிப் பெரியார் மறுமணம் செய்வித்திருந்தார் என்பதோடு ஒப்பிட்டால், அது எத்துணை எச்சரிக்கையான பாதை என்பது புலப்படும். சாதி பாராமல் ஆதரவற்ற பெண்களை ஏற்கும் ஔவை இல்லத்தை முத்துலட்சுமி ரெட்டி 1930இல்தான் தொடங்கினார்.