தன்னமைவு மாறுநிலை: ஒரு கருத்தின் வரலாறு

நீரும் நீராவியும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும் மாறுநிலைப் புள்ளியை எட்டுவதற்கு வெப்பநிலையை ஏறத்தாழ 374 பாகை செல்சியசிலும் அழுத்தத்தை ஏறத்தாழ 218 வளிமண்டல அளவிலும் நிறுத்த வேண்டியிருப்பதால், மாறுநிலை என்பது வெளியிலிருந்து அளவுகளைத் திருத்தினாலன்றி வாய்க்காத அரிய நிலையாகவே இயற்பியலில் நெடுங்காலம் கருதப்பட்டது. நிலநடுக்கங்களோ, எவரும் எதையும் திருத்தாமலேயே, சிறியவை மிகப் பலவாகவும் பெரியவை மிகச் சிலவாகவும் ஒரே கணித ஒழுங்கில் நிகழ்வதைக் குட்டன்பெர்க்கும் ரிக்டரும் 1940களில் காட்டியிருந்தனர்.

இவ்விரண்டையும் இணைக்கும் விளக்கத்தை, அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த பெர் பாக், சாவ் டாங், கர்ட் வீசன்ஃபெல்ட் ஆகியோர் 1987இல் மணற்குவியல் மாதிரியாக முன்வைத்தனர். கட்டங்களாகப் பகுத்த ஒரு தளத்தில் மணல்மணிகள் ஒவ்வொன்றாக இடப்படுகின்றன. ஒரு கட்டத்தில் நான்கு மணிகள் சேர்ந்தால் அது சரிந்து அண்டைக் கட்டங்கள் நான்கிற்கும் ஒவ்வொன்று வழங்க, விளிம்பைக் கடந்தவை வெளியேறுகின்றன. இவ்வெளிய விதியினாலேயே குவியல் எல்லா அளவுச் சரிவுகளும் நிகழக்கூடிய நிலைக்குத் தானாக வந்து சேர்கிறது. இதையே அவர்கள் தன்னமைவு மாறுநிலை என்றனர்.

மெய்யான மணல் இக்கணிப்புக்கு எளிதில் இணங்கவில்லை. 1989இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுழலும் உருளையில் மணல் போன்ற துகள்களை இட்டு நோக்கியபோது, பெருஞ்சரிவுகள் ஏறக்குறைய சீரான இடைவெளியில் நிகழ்ந்தனவேயன்றி, எல்லா அளவுகளிலும் நிகழவில்லை. 1996இல் ஆஸ்லோவில் அரிசியைக் கொண்டு நடந்த சோதனை இதன் காரணத்தைத் தெளிவாக்கியது: உராய்வு மிகுந்த நீண்ட அரிசிமணிகள் மாறுநிலையைக் காட்ட, ஓடும் வேகத்திலேயே மேலும் சரியும் இயல்புடைய உருண்டை மணிகள் அதைக் காட்டவில்லை.

இதற்கிடையே, மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தீபக் தார், மணிகளை எந்த வரிசையில் இட்டாலும் முடிவு மாறாது என்று 1990இல் நிறுவி, நீண்ட கால ஓட்டத்தில் மீண்டும் மீண்டும் தோன்றக்கூடிய அமைப்புகளின் எண்ணிக்கையைத் துல்லியமாகக் கணக்கிடும் வழியையும் வகுத்தார். கணினிக் கணக்கீட்டை நம்பியிருந்த மாதிரி இதனால் தேற்றங்களுக்கு உரியதாயிற்று. புள்ளியியல் இயற்பியலின் உயரிய விருதான போல்ட்ஸ்மன் பதக்கம் 2022இல் அவருக்கு வழங்கப்பட்டது. இயற்கை முழுவதையும் விளக்கிவிடும் என்ற தொடக்கக்கால நம்பிக்கை சோதனைகளால் சுருங்கியபோதும், எந்த நிபந்தனைகளில் ஓர் அமைப்பு தன்னைத்தானே மாறுநிலைக்கு இட்டுச் செல்லும் என்ற கேள்வியைச் சோதித்தறியத்தக்க அறிவியல் வினாவாக்கியதே அம்மாதிரியின் நிலைத்த பங்களிப்பாகும்.